கஞ்சா மருந்தும் உழைச்செல்வான் கடமையும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கப்பற்படைகளின் வரலாற்றையே எழுதினர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் ஆகிய நாற்சாதியாரும் அத்துறையை விரும்பி வந்ததும், ஒருவர் கையினின்றும் மற்றொருவர் அதனைப் பறித்ததும், 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு பொழிந்ததும் பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த செய்திகளே. ஆயின், பீரங்கியோடும் கொடியோடும் தொடர்பில்லாத வேறொரு வரலாறும் இத்துறைக்கு உண்டு. அது நோயாளி ஒருவனுக்கு மருந்து கொடுக்கும் கையைப் பற்றியது. இன்று உலக நாடுகள் பலவற்றில் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் ஆராயும் வினா ஒன்று, இம்மாவட்டத்துக் கொட்டியாரக் குடாவிலே தொடங்கிய கதை ஒன்றோடு தொடர்புடையது என்றால், கேட்போர்க்கு வியப்பாகத் தோன்றலாம். கஞ்சா என்னும் மூலிகையை மருந்தாகப் பெறும் நோயாளிக்கு, அதனை வாங்கி வைத்து, அளந்து கொடுத்து, அருகிருந்து பார்ப்பவர் யார்? அவருடைய கடமைகள் யாவை? அவர் எல்லை எது? இவையே அவ்வினா.

1659ஆம் ஆண்டின் இறுதியில் மசூலிப்பட்டினத்திற்கு அண்மையில் அடித்த புயலிலே 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் தன் பாய்மரத்தை இழந்தது. மரத்தைச் செப்பஞ் செய்வதற்கும் அவ்வேளையிற் சிறிது வணிகஞ் செய்வதற்குமாக அக்கப்பல் கொட்டியாரக் குடாவிற்கு வந்து நங்கூரமிட்டது. மகாவலி கங்கையின் கிளை கடலோடு கலக்கும் இடம் அது. மூதூர் அதன் கரையில் உள்ளது. கப்பற்றலைவர் றொபேட் நொக்ஸ் என்பவர். அவருடைய மகனின் பெயரும் அதுவே. அப்போது வயது 19. கண்டி அரசனாகிய இரண்டாம் இராசசிங்கனின் அதிகாரி தலைவரையும் அவருடன் கரையிறங்கியோரையும் 1660ஆம் ஆண்டில் தந்திரமாகச் சிறைப்பிடித்தான். கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவருமாறு கட்டளையிடுவதற்கெனத் தந்தை தம் மகனைக் கப்பலுக்கு அனுப்பும்படி நேர்ந்தது. மகனோ தந்தையின் மறைவான எண்ணப்படி, கப்பலைக் காத்துக்கொள்ளுமாறு மாலுமிகளை எச்சரித்தான். அப்பொழுது அவன் கப்பலிலேயே தங்கித் தப்பியிருக்கலாம். ஆயினும் தந்தையிடம் திரும்பி வருவதாகக் கொடுத்த வாக்கை எண்ணிச் சிறைக்கே மீண்டான். அவன் மீண்டு வந்த அச்செயலே இக்கதையின் முதற் பாடம். நோயும் துன்பமும் வருமுன்னரே, பக்கத்தில் நிற்பேன் என்று ஏற்றுக்கொண்டவன் அவன்.

சிறைப்பட்ட 16 பேரும் உள்நாட்டு ஊர்களிற் பிரித்து வைக்கப்பட்டனர். தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்னும் ஊரிற் சேர்ந்திருந்தனர். அவ்விடத்தில் இருவரையும் நடுக்கற்காய்ச்சல் பற்றியது. தாமும் காய்ச்சலிற் கிடந்தவாறே மகன் தந்தையைப் பார்த்தான். கொடுப்பதற்கு மருந்து இல்லை. கேட்பதற்கு வைத்தியரும் இல்லை. 1661ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் தந்தை இறந்தார். அடக்கஞ் செய்ய உதவி கேட்டபோது, மாடு கட்டும் கயிறொன்றைக் கொடுத்து உடலைக் காட்டிற்கு இழுத்துச் செல்லும்படி ஊரவர் கூறினர் என்றும், கூலி கொடுத்தே உதவி பெற்றுத் தந்தையைப் புதைக்க நேர்ந்தது என்றும் நொக்ஸ் பின்னர் எழுதினார். அன்பு நிறைந்த உழைப்பாளி அருகிலிருந்தும், மருந்தும் மருத்துவனும் இல்லாமையால் நோயாளி மாண்டான். மருத்துவத்தின் கூறுகளில் ஒன்றுமட்டும் போதாது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பின்னர் நொக்ஸ், ஸ்ரீபன் றட்லண்டு என்னும் தோழனுடன் ஊர் ஊராகச் சென்று சிறு பொருள்கள் விற்று வாழ்ந்தார். தப்பிச் செல்லும் வழியைத் தேடி இருவரும் வடக்கே அநுராதபுரப் பக்கத்திற்குப் பலமுறை சென்றனர். வறட்சிக் காலத்தில் அப்பகுதியில் ஆற்றுநீர் இல்லை. சேறு கலங்கிய குளத்து நீரையே குடிக்க வேண்டியிருந்தது. அதனாற் காய்ச்சல் மீண்டும் மீண்டும் வந்தது. அவ்வேளையில் அவ்வூர் மக்கள் வழங்கிய மருந்தொன்றை அவர்கள் அறிந்தனர். போர்த்துக்கேய மொழியில் 'பங்கா' எனப்பட்ட உலர்ந்த இலையைப் பொடித்து, கருப்பட்டியோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறுவயிற்றில் உண்பதே அம்மருந்து. அது மூளையை மயக்கித் தலைசுற்றச் செய்யுமென்றும், கழிச்சலோ வாந்தியோ உண்டாக்குவதில்லை என்றும் நொக்ஸ் குறித்துள்ளார். அந்த இலை கஞ்சா இலையே.

அக்குறிப்பை ஊன்றி நோக்கினால் அதில் நான்கு செய்திகள் அடங்கியிருத்தலைக் காணலாம். மருந்துப் பொருள் இன்னது. அதனோடு சேர்க்கும் அனுபானம் இன்னது. உண்ணும் வேளை இன்னது. அதனால் உண்டாகும் மாறுதல் இன்னது. போகம் வேண்டி ஒரு பொருளை உண்பவன் இவற்றை எண்ணுவதில்லை. மருந்தெனக் கொள்பவனே எண்ணுகின்றான். இன்றைய மருத்துவம் அவ்விலை மலேரியாவைத் தீர்க்குமென்றோ அழுக்கு நீரைத் தூய்மையாக்குமென்றோ ஒப்புவதில்லை. உண்டவர்க்குச் சிறிது ஆறுதலும் உறக்கமும் தந்திருக்கக்கூடும் என்பதே அளவான முடிவு. ஆயினும், ஒரு பொருள் மருந்தாவது அதன் குணத்தால் மட்டுமன்று, அதனைக் கொடுக்கும் முறையாலும் என்பதை அப்பழைய குறிப்பு நன்கு புலப்படுத்துகின்றது.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறையின் பின், 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் நொக்ஸும் றட்லண்டும் மல்வத்து ஓயாவைப் பின்பற்றிச் சென்று, மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தனர். 1680இல் இலண்டன் மீண்ட நொக்ஸ், 1681இல் இலங்கைத் தீவைப் பற்றித் தாம் எழுதிய நூலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் வேத்தியற் கழகத்தைச் சேர்ந்த பேரறிஞர் றொபேட் ஹூக். இவ்விருவரும் நண்பராயினர். நொக்ஸிடமிருந்து ஹூக் அவ்விலையையும் விதையையும் பெற்றார். 1689ஆம் ஆண்டு திசெம்பர் 18ஆம் நாள் வேத்தியற் கழகத்தில் அம்மூலிகையைப் பற்றி உரையாற்றினார். சுங்கானொன்றை நிரப்பும் அளவே ஒரு வேளை மருந்தென்றும், உண்டவன் சிறிது நேரம் தன்னை மறந்து மகிழ்ந்திருந்து, பின்னர் ஆழ்ந்துறங்கிப் பசியோடு எழுவான் என்றும், மனநோயாளர்க்கு அது உதவக்கூடுமென்றும் அவர் கூறினார். மனநோய்க்கு அது உதவும் என்ற எதிர்பார்ப்புத் தவறென்று பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. சிலர்க்கு அது மனநோயைத் தூண்டும் என்பதே இன்றைய அறிவு. எனினும், அம்மூலிகையைப் பற்றி ஆங்கில மொழியில் அமைந்த முதல் விஞ்ஞான உரைகளுள் ஒன்றுக்கு, கொட்டியாரத்திற் சிறைப்பட்ட மாலுமி ஒருவனின் பட்டறிவு காரணமாயிற்று என்பதை மறத்தலாகாது.

மேனாட்டவர்க்குப் புதுமையாயிருந்த இம்மூலிகை நம் நாட்டு மருத்துவர்க்குப் புதியதன்று. ஆயுள்வேதத்தார் இதனை விசயா என்பர். சித்த மருத்துவ வழக்கிலே சித்தமூலி, ஞானமூலி என்னும் பெயர்களும் உண்டு. மற்றைய மருந்துகளோடு கூட்டி இலேகியமாகவும் சூரணமாகவும் மோதகமாகவும் இதனைச் செய்வர். இலங்கையிலே மதன மோதகம் என்பது நன்கு அறியப்பட்ட கூட்டுமருந்து. இவற்றில் இலையை அப்படியே சேர்ப்பதில்லை. சுத்தி செய்தே சேர்ப்பர். நீரில் அலசுதலும், நெய்யில் வறுத்தலும் சுத்தி முறைகளுட் சேர்ந்தவை. நச்சுத்தன்மையுடைய சரக்குகளைச் சுத்தி செய்யாது மருந்திற் கூட்டுதல் பரிகாரிமார்க்குப் பெரும் பழி. மருந்தோடு அனுபானமும், அனுபானத்தோடு பத்தியமும், பத்தியத்தோடு இத்தனை நாள் என்னும் கணக்கும் சேர்ந்தே வரும். இவ்வளவையும் நோயாளி தானே நினைவிற் கொள்ளுதல் இயலாது. ஆகவே பரிகாரியார் நோயாளியின் தாயையோ மனைவியையோ மூத்த மகனையோ அழைத்து, முறையைச் சொல்லிக் கொடுத்து, அவர் கையிலேயே மருந்தை ஒப்புவிப்பார். மருந்து பிழைத்தால் முதலிற் கேட்கப்படுபவரும் அவரே.

அவ்வாறு மருந்தைக் கையேற்பவர்க்குத் தமிழ் ஒரு பெயர் சூட்டி வைத்துள்ளது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்பன அவை. உழைச்செல்வான் என்பதற்கு மருந்தைப் பிழையாமற் செய்து கொடுப்பவன் எனப் பரிமேலழகர் பொருள் கொண்டார். நோயாளியின் பக்கத்திருந்து உதவுபவன் என்பாரும் உளர். பொருள் எதுவாயினும், அவனுக்கு வேண்டிய பண்புகள் நான்கென அவ்வுரையாசிரியர் எண்ணுகின்றார். நோயாளியிடத்து அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் செய்து முடிக்கும் வல்லமை, அறிவு என்பனவே அந்நான்கு. வடமொழியிலே சரகர் பெயரால் வழங்கும் மருத்துவ நூலும் மருத்துவத்தை இவ்வாறே நான்கு பாதமாகப் பிரித்து, பணிவிடையாளனுக்கும் நான்கு குணங்களைக் கூறுகின்றது. ஆகவே, நோயாளியைக் கவனிப்பவர் மருத்துவத்தின் புறத்தே நிற்பவரல்லர். அதன் நாலிலொரு கூறு என்பது இந்நாட்டு மருத்துவத்தின் பழைய கொள்கை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மூலிகை மேனாட்டு மருத்துவத்தினுள்ளும் புகுந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய வில்லியம் புறூக் ஓஷோநெசி என்பவர், 1839இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். வாதநோய், ஏற்புவலி, வலிப்பு முதலிய நோய்களில் அவர் கஞ்சாச் சாரத்தைக் கொடுத்துப் பார்த்தார். வலிப்பினால் வருந்திய ஒரு பச்சிளங் குழந்தைக்கும் துளித் துளியாகக் கொடுத்து, நாள்தோறும் அளவை மாற்றிப் பார்த்த செய்தியும் அவருடைய கட்டுரையில் உண்டு. இம்மருந்தின் பெருங்குறை விரைவிலே தெரியலாயிற்று. ஓரிடத்துச் செடியின் வீரியம் மற்றோரிடத்துச் செடிக்கு இல்லை. புதிய சரக்கின் வீரியம் பழைய சரக்குக்கு இல்லை. ஒருவர் தாங்கும் அளவை மற்றவர் தாங்குவதில்லை. வீரியத்திற்குக் காரணமான பொருளைப் பிரித்தறிந்தவர்கள் மெக்கூலமும் காவோனியும் ஆவர். அவர்கள் இசுரேல் நாட்டில் அதனைச் செய்தது 1964ஆம் ஆண்டிலேதான். அதுவரை நிறையறிந்து கொடுக்கும் வழி இருக்கவில்லை. ஆதலால் மருத்துவர் சென்றபின் நோயாளியின் கண்ணையும் மூச்சையும் உறக்கத்தையும் பார்த்திருக்கும் ஒருவர் இன்றி இம்மருந்தைக் கொடுத்தல் ஆபத்தாயிற்று.

1893இல் இந்திய அரசாங்கம் கஞ்சாவைப் பற்றி ஆராய்வதற்கு ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அக்குழு 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் தன் அறிக்கையை எழுதிற்று. அளவாக உட்கொள்வதாற் பொதுவாகப் பெருந்தீங்கு விளைவதில்லை என்றும், அளவு மீறிய வழக்கமே கேடு தருவதென்றும், முற்றாகத் தடுப்பதினும் வரியாலும் உரிமத்தாலும் கட்டுப்படுத்துவதே நன்றென்றும் அது முடிவு செய்தது. உலக அரசியலோ வேறு திசையிற் சென்றது. 1925ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் நாள் ஜெனீவாவிற் கைச்சாத்தான அபின் உடன்படிக்கையிற் கஞ்சாவும் சேர்க்கப்பட்டது.

இலங்கையிலே அபினைப் பற்றிய சட்டம் இதற்கு முன்னரே கடுமையாகியிருந்தது. 1910ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக அபின் இறக்குமதி அரசாங்கத்தின் கைக்கு வந்தது. வழக்கமாக உண்போரும், மருந்திற் சேர்க்கும் நாட்டு வைத்தியரும் பதிவு செய்யப்பட்டனர். பின்னர், 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான மருந்துகள் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமமின்றிக் கஞ்சாச் செடியை நடுதலும் வைத்திருத்தலும் அச்சட்டத்தாற் குற்றமாயின. 1961ஆம் ஆண்டிலே இரண்டு செயல்கள் ஒருங்கே நிகழ்ந்தன. உலக அரங்கில் போதைப்பொருள் பற்றிய தனி உடன்படிக்கை நிறைவேறிற்று; இலங்கையில் 31ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டம் பிறந்தது. முன்னது அம்மூலிகையை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டிய பொருள்களுடன் சேர்த்தது. பின்னது அம்மூலிகையை வழங்கும் மருத்துவ முறைகளுக்கு அரசின் ஏற்பை உறுதிப்படுத்திற்று. 1984இல் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் பெருகின. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அவ்வாண்டுச் சட்டத்தாலேயே அமைந்தது.

இதனால் விளைந்த நிலை விசித்திரமானது. ஆயுள்வேத மருந்துக் கூட்டுத்தாபனத்திற்கு வேண்டிய கஞ்சா, வழக்குகளிலே பொலிசார் கைப்பற்றி நீதிமன்றங்களில் ஒப்புவித்த சரக்கிலிருந்தே கிடைத்து வந்தது. வழக்கு முடியும்வரை அறையிற் கிடந்த இலை நாலைந்து ஆண்டு பழையதாகிக் குணமிழக்கின்றது என்று 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் இராஜித சேனாரத்ன எடுத்துக்காட்டி, மருந்துக்கெனத் தனித்தோட்டம் அமைக்கும் எண்ணத்தை வெளியிட்டார். 2020ஆம் ஆண்டு திசெம்பர் 2ஆம் நாள், ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு 27 வாக்குக்கு 25 என்ற கணக்கிலே, மருத்துவப் பயன் அரிதெனக் கருதப்பட்ட நாலாம் அட்டவணையினின்றும் கஞ்சாவை நீக்கிற்று. 2025இல் இலங்கை அரசாங்கம், ஏற்றுமதிக்கு மட்டுமெனக் கட்டுப்படுத்தி, மீரிகமையில் மருத்துவக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர் எழுவருக்கு இசைவளித்தது.

இச்சட்டங்களை ஒருங்கே நோக்குவார்க்கு ஓர் உண்மை தெளிவாகும். பயிரிடுவோன், இறக்குவோன், விற்போன், வைத்தியன் ஆகிய எல்லோரையும் சட்டம் எண்ணிற்று. நோயாளியின் வீட்டிலே மருந்தை வைத்திருந்து கொடுப்பவரை மட்டும் எண்ணவில்லை. குறள் கூறிய நாலாங் கூறு சட்டப் புத்தகத்தில் விடுபட்டுவிட்டது.

அவ்விடுபட்ட இடத்தை நிரப்ப முதலில் முயன்றவை ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள். 1996ஆம் ஆண்டு நவம்பரில் கலிபோர்ணியா மக்கள் தம் வாக்கினால் ஒரு சட்டத்தை நிறைவேற்றினர். மருத்துவரின் பரிந்துரையோடு கஞ்சாவைப் பயன்படுத்தும் நோயாளிக்கும், அவரை முதன்மையாகப் பராமரிப்பவர்க்கும் அச்சட்டம் காப்பளித்தது. பராமரிப்பவர் யார் என்பதற்கும் அது வரையறை கூறிற்று. நோயாளியாற் குறிக்கப்பட்டவராய், அவருடைய உறைவிடம், உடல்நலம், பாதுகாப்பு என்பவற்றுக்குத் தொடர்ந்து பொறுப்பேற்று வந்தவரே அவர். 2000ஆம் ஆண்டிற் கொலராடோ மாநிலத்தார் மற்றோர் எல்லையிட்டனர். பராமரிப்பவர் 18 வயது நிரம்பியவராய், நோயாளியும் அவருடைய மருத்துவரும் அல்லாத மூன்றாமவராய் இருத்தல் வேண்டும் என்பது அது. மருத்துவன் வேறு, உழைச்செல்வான் வேறு என்னும் பழைய பாகுபாடு அங்கே புதிய சட்டமாயிற்று. 2001இல் கனடா நாடும் நோயாளிக்காகச் செடி வளர்ப்பதற்கு ஒருவரைக் குறித்துக்கொள்ள இடமளித்தது.

2008ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலம் இன்னும் நுணுக்கமாக விதி செய்தது. பராமரிப்பவர்க்கு வயது 21 ஆகியிருத்தல் வேண்டும்; போதைப்பொருட் குற்றத்திற் பெருந்தண்டனை பெற்றவராய் இருத்தலாகாது; ஐந்து நோயாளிகளுக்கு மேல் ஏற்றலாகாது; ஒரு நோயாளிக்கு 12 செடிக்கு மேல் வளர்த்தலாகாது; அச்செடிகளும் பூட்டப்பட்ட அடைப்பினுள்ளேயே இருத்தல் வேண்டும். இவ்விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. வயது வரையறை மருந்து இளைஞர் கைக்குச் செல்லாமற் காக்கின்றது. எண்ணின் வரையறை பராமரிப்பு வணிகமாகாமற் காக்கின்றது. பூட்டு, வீட்டுக் குழந்தையையும் அயலாரையும் காக்கின்றது.

ஆயினும் விதியை மீறுவோர் எங்கும் உளர். நோயாளர் பலர்க்குத் தானே 'பராமரிப்பவர்' என்று கூறிக்கொண்டு, உண்மையிற் சரக்கு விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரின் வழக்கு கலிபோர்ணியா உயர்நீதிமன்றத்தின் முன் வந்தது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் அந்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நினைவிற் கொள்ளத்தக்கது. கஞ்சாவைக் கொடுப்பதனால் மட்டும் ஒருவர் பராமரிப்பவர் ஆகார். அதனைக் கொடுக்கத் தொடங்குமுன்னரோ தொடங்கும் வேளையிலோ, அதனோடு தொடர்பற்ற முறையில், நோயாளியின் வாழ்வுக்குத் தொடர்ந்து பொறுப்பேற்றவராக அவர் இருந்திருத்தல் வேண்டும். இதுவே அத்தீர்ப்பின் சாரம். பராமரிப்பு முன்னே, மருந்து பின்னே என்று சுருங்கக் கூறலாம். கப்பலிலே தங்கித் தப்பியிருக்கக்கூடிய இளைஞன் தந்தையிடம் மீண்டானே, அவனைப் பராமரிப்பவன் எனச் சொல்வதற்கு எந்த நீதிமன்றமும் தயங்காது. இலையை மட்டும் கொணர்ந்து காசு பெற்றுச் செல்பவனுக்கு அப்பெயர் பொருந்தாது.

இனி, இம்மருந்தாற் பெறும் பயன் எவ்வளவு என்பதையும் அளவோடு அறிதல் வேண்டும். குழந்தைகட்கு வரும் சிலவகைக் கொடிய வலிப்பு நோய்களுக்கு, போதை தராத கூறொன்றைப் பிரித்தெடுத்துச் செய்த திரவ மருந்தை 2018ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா ஏற்றது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாந்திக்கு இம்மூலிகையின் சத்தை ஒத்த மருந்துகள் 1985 முதலே அங்கு வழங்குகின்றன. தசை விறைப்பு நோய்க்கும் சில நாடுகளில் இதனை வழங்குவர். இவற்றுக்கு அப்பால், எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று கூறுவோர் கூற்றுக்குச் சான்று இல்லை. தீங்குகளும் உள. இளம் பருவத்தினர்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் மனநோய்ச் சார்புடையோர்க்கும் இது கேடு தரும். உண்டபின் வாகனம் ஓட்டுதல் உயிருக்கு ஆபத்து. தின்பண்டம்போற் செய்த மருந்தைக் குழந்தைகள் அறியாது உண்டு மயங்கிய நிகழ்ச்சிகள் பல நாடுகளிற் பதிவாகியுள்ளன. முற்கூறிய வலிப்பு மருந்துங்கூட ஈரலைத் தாக்கக்கூடும். வேறு வலிப்பு மருந்துகளோடு சேரும்போது அவ்வாபத்துக் கூடும். ஆகவே இரத்தப் பரிசோதனை நாளைத் தவறவிடாதவரும், ஊசியில்லாப் பீச்சுகுழலில் அளவுக் கோட்டைப் பார்த்துக் கொடுப்பவரும், வலிப்பு வந்த வேளையைக் குறித்து வைப்பவரும் அக்குழந்தையின் தாயே. மருத்துவன் மாதத்திற் சில நிமிடம் காண்கிறான். தாய் இரவும் பகலும் காண்கிறாள்.

பரிமேலழகர் எண்ணிய நான்கு பண்புகளையும் இப்புதிய விதிகளோடு ஒப்பிட்டால், அவை ஒன்றோடொன்று இயைதல் காணலாம். நோயாளியிடத்து அன்பு என்பதே, தொடர்ந்து பொறுப்பேற்றவராய் இருத்தல் வேண்டும் என்னும் விதி. தூய்மை என்பதே, குற்றப் பழியற்றவராயும், இலாபத்திற்காகச் செய்யாதவராயும், நோயாளியின் மருந்திலே தமக்கென ஒரு சிறு பங்கும் எடுக்காதவராயும் இருத்தல். சொல்லியதைச் செய்யும் வல்லமை என்பதே, அளவும் வேளையும் தவறாமற் கொடுத்து, மருத்துவன் நிறுத்தச் சொன்னால் நிறுத்துதல். அறிவு என்பதே, தீங்கின் குறிகளை முன்னறிந்து, மருந்தைப் பூட்டி வைத்து, தம் ஆற்றலுக்கு மேற்பட்ட நிலை வந்ததும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல். சட்டம் அன்பை உண்டாக்க மாட்டாது. அன்பில்லாதவன் அன்புடையான் போல நடிப்பதைத் தடுக்க மட்டும் அதனால் இயலும். எஞ்சியதைக் கல்வியே செய்தல் வேண்டும்.

திருக்கோணமலை மாவட்டத்திற்கு இவ்வினா தொலைவானதன்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருக்கோணமலை வளாகத்திலே சித்த மருத்துவம் பயிற்றப்படுகின்றது. பரிகாரி மரபும் பல்கலைக்கழகக் கல்வியும் சந்திக்கும் இடம் அது. கடற்கரை ஊர்களிலும் கொட்டியாரப்பற்றுக் கிராமங்களிலும் புற்றுநோயாலோ வலிப்பாலோ வருந்துவோரைப் பார்ப்பவர்கள் அவர்களுடைய வீட்டாரே. வெளிநாட்டில் வாழும் உறவினர், அங்குச் சட்டப்படி பெறும் மருந்தைப் பற்றிச் சொல்லக் கேட்டு, அதனை இங்கும் வருவிக்கலாமோ என்று எண்ணுவோர் இருத்தல் இயல்பு. அவர்கள் அறியவேண்டியது ஒன்றுண்டு. அங்குப் பராமரிப்பவர்க்குக் காப்பளிக்கும் சட்டம் இங்கு இல்லை. நோயாளியின் துன்பத்தைக் காரணங்காட்டி இலையை வீட்டில் வைத்திருப்பவர், சட்டத்தின் முன் வேறெந்தக் குற்றவாளியைப் போலவும் நிற்க நேரும். தாயொருத்தி சிறை சென்றால் நோயுற்ற பிள்ளைக்கு இருந்த ஒரே துணையும் போய்விடும். முறையாகப் பதிவு பெற்ற மருத்துவரிடம் சென்று, அவர் சட்டப்படி தரும் மருந்தையே கொள்ளுதல் இன்றைக்குள்ள வழி.

நாளை இந்நாடு இம்மூலிகையை மருந்தாக விரிவாக வழங்க முன்வருமாயின், எந்த நிலத்திற் பயிரிடுவது, எவர்க்கு உரிமம் அளிப்பது, எவ்வளவு அந்நியச் செலாவணி வரும் என்னும் வினாக்கள் முதலில் எழும். அவற்றைக் கேட்பதற்கு வலிமையுள்ளோர் பலர் உளர். நோயாளியின் பாயருகே இருப்பவர் யார், அவர் என்ன கற்றிருத்தல் வேண்டும், எதனைச் செய்தலாகாது, செய்யத்தக்கதைச் செய்தால் அவர்க்கு யாது காப்பு என்னும் வினாக்களைக் கேட்பவரோ சிலர். அவ்வினாக்களுக்கு விடை எழுதாது இயற்றும் சட்டம் மூன்று காலில் நிற்கும் கட்டிலைப் போன்றது. நோயாளியை அதிற் கிடத்துமுன் நாலாங் காலையும் பொருத்திவிடுதல் சட்டம் செய்வோர் கடன்.